தகராறுள்ள வாடகைதாரர் குடியிருக்கும் வீட்டை வாங்குவது எப்படி?

அக்கம்பக்கத்து விலையைவிடக் கணிசமாகக் குறைந்த விலைக்கு ஒரு வீடு வருகிறது. நல்ல இடம், பத்திரத்திலும் வில்லங்கம் இல்லை. ஏன் விலை குறைவு என்று கேட்டால் புரோக்கர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உள்ளே ஒரு குடித்தனம் இருக்கு. கொஞ்சம் தகராறு. நீங்க வாங்கினதும் காலி பண்ணிக்கலாம்" என்பார்.

புதிதாக வாங்குபவர்கள் மாட்டிக்கொள்வது அந்தக் கடைசி வாக்கியத்தில்தான். அவ்வளவு சுலபமாகக் காலி செய்ய வைக்க முடியுமானால் விற்பவரே அதைச் செய்து முடித்து, காலி வீடாக முழு விலைக்கு விற்றிருப்பார். இத்தனை நாள் அவரால் முடியாத காரியத்தை, அந்தக் குடும்பத்தின் முகத்தைக்கூடப் பார்த்திராத நீங்கள் முடித்துவிடுவீர்கள் என்று நம்பித்தான் பேரம் நடக்கிறது.

இப்படி இரண்டு வீடுகளை நான் வாங்கியிருக்கிறேன், மூன்றாவதாக வந்ததை வேண்டாமென்று விட்டிருக்கிறேன். இரண்டுமே நல்லபடியாக முடிந்தன. ஆனால் அதற்குக் காரணம், பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்பே அந்தத் தகராறு யார் தலையில் விழும் என்று பேசி எழுதி வைத்ததுதான். பதிவு முடிந்த பிறகு அந்தப் பேச்சுக்கு மதிப்பே இல்லை.

முதலில்: வீட்டோடு ஆளும் வருகிறார்

பழைய ரோமானியச் சட்டத்தில், வீட்டை வாங்கியவர் வாடகைக்கு இருந்தவரை வெளியே போகச் சொல்லிவிடலாம். விற்பனை நடந்தால் வாடகை முறிந்துவிடும் என்பது அக்கால விதி. இன்று பெரும்பாலான நாடுகளில் நிலைமை தலைகீழ். ஜெர்மனியின் சிவில் சட்டம் 566-ஆவது பிரிவில், வாங்கியவர் பழைய உரிமையாளரின் இடத்துக்கு வந்து அவருடைய உரிமைகளையும் கடமைகளையும் ஏற்கிறார் என்று சொல்கிறது. இந்தியாவில் 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 109-ஆவது பிரிவும் ஏறக்குறைய அதே வழியில்தான் போகிறது.

அதாவது, ஒப்பந்தத்தில் இன்னும் ஒன்பது மாதம் மிச்சமிருந்தால் அந்த ஒன்பது மாதமும் உங்களைக் கட்டுப்படுத்தும். வாடகையை ஏற்ற மாட்டேன் என்று பழைய உரிமையாளர் எழுதிக் கொடுத்திருந்தால் அதுவும் உங்களோடு வரும். அட்வான்ஸ் விஷயம் இதைவிட முக்கியம். வாடகைதாரர் கொடுத்த அட்வான்ஸ் பணத்தைப் பழைய உரிமையாளர் எப்போதோ செலவழித்திருப்பார், ஆனால் அவர் காலி செய்யும் நாளில் கையை நீட்டுவது உங்களிடம்தான். ஜெர்மனியில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. பணம் உங்கள் கைக்கு வந்ததோ இல்லையோ, திருப்பித் தரும் பொறுப்பு வாங்கியவருக்கு உண்டு.

சரி, பழைய வாடகை பாக்கி? இதில் பலர் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். மேலே சொன்ன இந்தியச் சட்டப் பிரிவின்படி, விற்பனைக்கு முந்தைய பாக்கி தானாக வாங்கியவருக்கு வந்துவிடாது. "பாக்கியை வசூலிக்கும் உரிமையையும் கொடுக்கிறேன்" என்று விற்பவர் தனியாக எழுதித் தந்தால்தான் அது உங்களுடையது. மற்ற நாடுகளிலும் இதைப் பற்றிக் கேட்டுத் தெளிந்த பிறகே கணக்கில் சேர்க்க வேண்டும்.

"தகராறு" என்றால் என்ன தகராறு?

இந்த ஒரு சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல விஷயங்கள் இருக்கும். வேலை போனதால் மூன்று மாதமாக வாடகை கட்ட முடியாதவர் ஒரு வகை. கையில் பணம் இருந்தும் கட்டாதவர் வேறு வகை. ஒழுகும் கூரையைச் சரிசெய்யாததால் கோபித்து வாடகையை நிறுத்தி வைத்திருப்பவரும் விற்பவரின் வாயில் "தொல்லை பிடித்த ஆள்"தான். வாடகை ஒழுங்காக வருகிறது, ஆனால் இரவில் சத்தம், அக்கம்பக்கத்தாரோடு சண்டை என்று இருப்பவர்களும் உண்டு. ஒப்பந்தம் ஒருவர் பெயரில் இருக்க, உள்ளே இருப்பவர் அவரிடமிருந்து உள்வாடகைக்கு எடுத்த யாரோ ஒருவராக இருப்பார்.

இவற்றில் நான் கிட்டவே போகாத வகை ஒன்று உண்டு. உள்ளே இருப்பவர் தன்னை வாடகைதாரர் என்றே ஒப்புக்கொள்ளாமல், "இந்த வீட்டில் எனக்கும் பங்கு இருக்கிறது" என்றோ, "எனக்கு விற்பதாக முன்பே பேசிப் பணம் வாங்கியிருக்கிறார்" என்றோ சொன்னால் அது சொத்து வழக்கு, வாடகைப் பிரச்சினையே இல்லை. நான் விட்ட மூன்றாவது வீடு அப்படிப்பட்டது. விலை இன்னும் இறங்கி வந்தது, ஆனாலும் வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

காகிதங்கள்

விற்பவரிடம் இவற்றைக் கேளுங்கள்: வாடகை ஒப்பந்தமும் பிறகு செய்த திருத்தங்களும், அட்வான்ஸ் ரசீது, கடைசி 24 மாத வாடகைக் கணக்கு, இரு தரப்பும் ஒருவருக்கொருவர் அனுப்பிய நோட்டீஸ்கள், வழக்கு ஏதும் இருந்தால் அதன் நகல்கள், மின்சாரம், தண்ணீர், வரி பாக்கி விவரம்.

வாடகைக் கணக்கை விற்பவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள். வங்கிக் கணக்கு அறிக்கையோடு ஒவ்வொரு மாதமாக ஒப்பிட்டுப் பாருங்கள். அரை மணி நேர வேலைதான். "ஒரு வருஷமா பைசா தரலை" என்று சொன்னவரின் வங்கி அறிக்கையிலேயே ஏழு மாத வாடகை வரவு வைக்கப்பட்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு காகிதம் இருக்கிறது, அதை வாடகைதாரரிடம் வாங்க வேண்டும். மாத வாடகை இவ்வளவு, எந்த மாதம் வரை கட்டியிருக்கிறார், அட்வான்ஸ் எவ்வளவு, ஒப்பந்தம் எப்போது முடிகிறது, வாய்மொழியாக ஏதாவது வாக்குறுதி உண்டா, உரிமையாளர் மீது என்னென்ன குறை, வீட்டில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம். அமெரிக்காவில் வாடகைக் கட்டடம் வாங்கும்போது, குறிப்பாக வணிகக் கட்டடங்களுக்கு, கடன் தருபவர்களே இப்படிப்பட்ட கடிதத்தைக் கேட்பது சாதாரணம். அது இல்லாத இடங்களிலும் நீங்கள் கேட்டு வாங்கலாம். தகராறில் இருப்பவர் தருவாரா என்ற சந்தேகம் வரும். தன் பக்கத்தைச் சொல்ல ஒரு வாய்ப்பு என்று தெரிந்தால் பெரும்பாலும் தருகிறார்கள். பிறகு ஒருநாள் "அட்வான்ஸ் அதைவிட இரண்டு மடங்கு கொடுத்தேன்" என்ற பேச்சு எழாமல் இருக்க அந்தக் கடிதம்தான் காவல்.

நேரில் போய்ப் பாருங்கள்

இதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். வாங்கும் வரை வாடகைதாரருக்குத் தெரிய வேண்டாம் என்று விற்பவரும் சொல்வார். ஆனால் வாடகைதாரரைப் பார்க்காமல் நான் ஒருநாளும் வாங்க மாட்டேன். விற்பவரின் ஒப்புதலோடு, முன்கூட்டியே சொல்லி, அவர்களுக்கு வசதியான நேரத்தில் போக வேண்டும். அது அவர்கள் வீடு, திடீரென்று போய்க் கதவைத் தட்டுவது முறையில்லை.

முதல் வீட்டுக்கு நான் போனபோது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா கதவைத் திறந்தார். உட்காரச் சொல்லவில்லை. "வாங்கப் போற ஆளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அவர் என்னைப் பத்தி என்ன சொன்னாரு?" நான் மறைக்கவில்லை. "ஆறு மாசமா வாடகை தரலைன்னு சொன்னார்மா" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். அதற்குள் பணம் அனுப்பிய சீட்டுகள், தேதி வாரியாக, ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு ரப்பர் வளையம் போட்டு. கடைசி ஆறு மாதம் மட்டும் இல்லை. அதற்குப் பதில் ஒரு பிளம்பர் கொடுத்த மதிப்பீட்டுத் தாள் இருந்தது.

குளியலறைக்குக் கூட்டிப்போனார். சுவருக்குள் போகும் குழாய் கசிந்து, சுண்ணாம்பு உப்பி, இடுப்பு உயரத்துக்குக் கறுப்பாகப் பூசணம் ஏறியிருந்தது. சுவரின் மறுபக்கம் படுக்கையறை. அங்கே அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்திருந்தார். பின்னால் கையை வைத்தேன், ஈரம் விரலில் ஒட்டியது. "சரி பண்ணிக் கொடுங்க, மறுநாளே தர்றேன்னு எழுதிக்கூடக் கொடுத்தேன் சார். ஆறு மாசமாச்சு" என்றார்.

அவர் செய்தது சட்டப்படி சரியா என்பது வேறு கேள்வி. பழுது பார்க்கவில்லை என்பதற்காக வாடகையை நிறுத்தி வைக்க எல்லா இடத்திலும் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆனால் நான் தெரிந்துகொள்ள வேண்டியது அந்தச் சுவரில் இருந்தது. அந்தக் கசிவைச் சரிசெய்யும் செலவு இரண்டரை மாத வாடகை. விற்பவர் அதற்காக விலையில் இறக்கிக் கொடுத்ததோ அதைப்போலப் பல மடங்கு.

பார்க்கப் போகும்போது அதிகம் கேளுங்கள், குறைவாகப் பேசுங்கள். மிரட்டக் கூடாது. அதே அளவுக்கு, வாக்குறுதியும் கொடுக்கக் கூடாது. "நான் வந்தா வாடகை ஏத்த மாட்டேன்", "நீங்க எவ்வளவு நாள் வேணும்னாலும் இருங்க" என்று இரக்கத்தில் சொல்லிவிட்டு வந்தால் பின்னால் அதுவே தகராறாகும். "நான் இன்னும் முடிவு பண்ணலை. வாங்கினா பழுது எல்லாம் பார்ப்பேன், கணக்கையும் எழுத்துல வச்சுக்குவேன்" என்பது போதும்.

எல்லோரும் அந்த அம்மா மாதிரி இருக்க மாட்டார்கள். கதவையே திறக்காதவர் உண்டு, திறந்து சண்டைக்கு வருபவர் உண்டு. அதுவும் உங்களுக்குத் தேவையான தகவல்தான். அக்கம்பக்கத்தில் இரண்டு வீட்டில் விசாரியுங்கள். விற்பவர் சொல்வதைவிட அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மைக்கு நெருக்கமாக இருக்கும்.

காலியாக வாங்குவதா, ஆளோடு வாங்குவதா?

புதியவர்களுக்கு என் தெளிவான அபிப்பிராயம்: முடிந்தால் விற்பவரையே காலி செய்து தரச் சொல்லுங்கள். கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை. வீட்டைக் காலியாக ஒப்படைக்க வேண்டும் என்பதைத் தேதியோடு ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பதிவு நடக்கும் நாள் காலையில் நீங்கள் போய்ப் பார்த்து உறுதி செய்யும் உரிமை வேண்டும். அன்று காலியாக இல்லையென்றால் கொடுத்த முன்பணத்தைத் திரும்பப் பெற்று விலகும் உரிமையும் வேண்டும். "பதிவு முடியட்டும், இரண்டே வாரத்தில் போயிடுவாங்க" என்பதை ஏற்காதீர்கள். பணம் முழுவதும் கைக்குப் போன பிறகு அவருக்கு என்ன அவசரம்? விற்பவர் முறையான வழியில்தான் காலி செய்ய வைக்கிறார் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் ஆள் வைத்து மிரட்டினால் அந்தப் பழி வாங்கப்போகும் உங்கள் மீதும் வரும்.

ஆளோடுதான் வாங்க வேண்டும் என்றால் கணக்குப் போட வேண்டும். மாத வாடகையையே அளவுகோலாக வைத்துக்கொண்டால் சுலபம். அந்த ஊர் வாடகை வழக்குகளை நடத்தும் வழக்கறிஞரிடம், ஆரம்பத்திலிருந்து சாவி கைக்கு வரும் வரை உண்மையில் எத்தனை மாதம் ஆகிறது என்று கேளுங்கள். சட்டப் புத்தகத்தில் உள்ள கெடு எவ்வளவு என்பது இந்தக் கணக்குக்கு உதவாது. அவர் எட்டு மாதம் என்றால் நான் பன்னிரண்டு என்று எழுதுவேன். வழக்குச் செலவு மூன்று மாத வாடகை, காலி செய்த பிறகு வெள்ளையடித்து உடைந்ததை மாற்ற ஐந்து மாத வாடகை, நீங்கள் திருப்பித் தர வேண்டிய அட்வான்ஸ் மூன்று மாதம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 23 மாத வாடகை. பழைய பாக்கியைப் பூஜ்யம் என்றே போடுங்கள், வந்தால் லாபம். ஆக 23 மாத வாடகைக்குக் குறைவாக விலை இறங்கியிருந்தால் உங்களுக்கு அதில் ஆதாயமே இல்லை. உங்கள் அலைச்சலுக்கும் தூக்கத்துக்கும் ஒரு விலை வேண்டும் அல்லவா, அதையும் மேலே சேருங்கள்.

வாடகையே வராமல் பன்னிரண்டு மாதம் கடன் தவணை கட்ட முடியுமா என்பது தனிக் கேள்வி. முடியாதென்றால் விலை எவ்வளவு இறங்கினாலும் வாங்க வேண்டாம். நீங்களே குடியேறுவதாகச் சொல்லி வீட்டுக் கடன் எடுப்பவர்கள், உள்ளே ஆள் இருப்பதைக் கடன் தருபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

விற்பனை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை

அட்வான்ஸ் தொகையை விலையில் கழித்துக்கொள்ளுங்கள், பிறகு தருகிறேன் என்ற பேச்சே வேண்டாம். பாக்கியை வசூலிக்கும் உரிமை யாருக்கு என்று ஒரு வரி வேண்டும். வாடகைதாரருக்கு வேறு எந்த வாய்மொழி வாக்கும் கொடுக்கவில்லை என்று விற்பவர் உறுதி தர வேண்டும். வழக்கு நடந்துகொண்டிருந்தால் அதில் உங்கள் பெயரைச் சேர்க்க அவர் ஒத்துழைக்க வேண்டும், தேவைப்பட்டால் சாட்சி சொல்லவும் வர வேண்டும். விலையில் ஒரு பகுதியை இரு தரப்பும் நம்பும் மூன்றாமவரிடம் வைத்து, விற்பவர் சொன்ன கணக்கு சரியென்று தெரிந்த பிறகு விடுவிக்கச் செய்ய முடிந்தால் மிகவும் நல்லது. மூல ஒப்பந்தம், ரசீதுகள், சாவிகள் எல்லாம் பதிவு நாளிலேயே உங்கள் கைக்கு வர வேண்டும்.

பதிவு நாளும் முதல் மாதமும்

பதிவு முடிந்த அன்றே, விற்றவரும் நீங்களும் சேர்ந்து கையெழுத்திட்ட கடிதம் ஒன்று வாடகைதாரருக்குப் போக வேண்டும். வீடு கைமாறிவிட்டது, இனி வாடகை இந்தக் கணக்குக்கு, அட்வான்ஸ் இவ்வளவு என் பொறுப்பில் இருக்கிறது என்று அதில் இருக்கட்டும். இது வெறும் மரியாதைக்காக மட்டும் இல்லை. விற்பனை நடந்தது தெரியாமல் பழைய உரிமையாளரிடமே வாடகையைக் கொடுத்துவிட்டால், அதே வாடகையை மறுபடி உங்களுக்குத் தர வேண்டியதில்லை என்று இந்தியச் சட்டம் சொல்கிறது. அவர்கள் அனுமதியோடு மீட்டர் அளவையும் வீட்டின் நிலையையும் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்.

அப்புறம், உங்கள் பொறுப்பில் உள்ள பழுதுகளை முதலில் பாருங்கள். நான் பதிவு முடிந்த நான்காம் நாள் பிளம்பரோடு போனேன். சுவரை உடைத்துப் புதுக் குழாய் போட்டு, காய வைத்துப் பூச இரண்டு வாரம் ஆனது. அந்த அம்மா சொன்னபடி வாடகையைத் தொடங்கினார், பழைய பாக்கியையும் மாதம் கொஞ்சமாக ஒன்றரை வருடத்தில் கட்டி முடித்தார். இன்றும் அங்கேதான் இருக்கிறார். பழுதைக் காட்டி வாடகை தராமல் இருப்பவருக்கு அந்தக் காரணம் போய்விடுகிறது. நாளை நீதிமன்றத்துக்கே போனாலும் உங்கள் பக்கம் சுத்தமாக இருக்கும்.

பணம் கொடுத்துச் சாவி வாங்குவது

பேசியும் சரிவராதவரிடம், வழக்குக்கு முன் நான் முயல்வது இது. குறிப்பிட்ட நாளுக்குள் வீட்டைக் காலி செய்து கொடுத்தால் இவ்வளவு தொகை தருகிறேன் என்று சொல்வது. "எனக்கே பாக்கி வைத்திருப்பவனுக்கு நான் எதற்குப் பணம் தர வேண்டும்?" என்று மனது கொதிக்கும். எனக்கும் கொதித்தது. ஆனால் பன்னிரண்டு மாத வாடகையும் வழக்குச் செலவும் போவதற்குப் பதில் மூன்று மாத வாடகையில் முடிந்தால், பணம் உங்கள் பக்கம்தான் மிஞ்சுகிறது. அவர் பக்கமும் பாருங்கள். வேறு வீடு பார்க்க அட்வான்ஸ் இல்லாததால்தான் பலர் நகராமல் இருக்கிறார்கள்.

தொகை, தேதி, பாக்கி தள்ளுபடியா இல்லையா, இனி இரு தரப்புக்கும் பாத்தியதை இல்லை என்பது எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். முழுப் பணமும் வீடு காலியாகி, சாவி கைக்கு வந்த அந்த நிமிடத்தில்தான். வண்டி வாடகைக்கு என்று முன்னால் கொஞ்சம் கேட்டால், வண்டிக்காரருக்கு நேரடியாகக் கொடுங்கள்.

வழக்குதான் வழி என்றால்

பூட்டை மாற்றுவது, மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்துவது, சாமான்களை வெளியே வைப்பது ஆகிய எதையும் செய்யாதீர்கள், செய்யச் சொல்லும் நண்பர்கள் பேச்சையும் கேட்காதீர்கள். இங்கிலாந்தில் 1977-ஆம் ஆண்டுச் சட்டப்படி இப்படி வெளியேற்றுவது குற்றம். இந்தியாவின் 2021 மாதிரி வாடகைச் சட்டமும் அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது என்கிறது. அந்த வீட்டில் குழந்தைகளும் வயதானவர்களும் இருப்பார்கள், சட்டம் இல்லாவிட்டாலும் செய்யக் கூடாத காரியம் அது.

நோட்டீஸை நீங்களே எழுதாதீர்கள். தேதியோ பெயரோ காரணமோ தவறினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். நோட்டீஸ் கொடுத்த பிறகு வாடகையை வாங்குவதும் ஆபத்து. நோட்டீஸை நீங்களே கைவிட்டதாக அது கருதப்படலாம், வழக்கறிஞரைக் கேட்காமல் வாங்காதீர்கள். சட்டமும் மாறிக்கொண்டே இருக்கிறது. இங்கிலாந்தில் காரணம் சொல்லாமலே காலி செய்யச் சொல்ல 1988-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த வழியை, 2025-இல் வந்த சட்டம் எடுத்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் நண்பர் சொன்ன யோசனை இன்று செல்லாமல் போகலாம்.

காலி செய்யும் நாள்

என் இரண்டாவது வீட்டில் இருந்தவர் பணம் வாங்கிக்கொண்டுதான் போனார். வண்டி கிளம்பும் முன் இருவரும் சேர்ந்து ஒவ்வோர் அறையாக நடந்தோம். மீட்டரைப் படம் எடுத்தோம், அலமாரிகளைத் திறந்து பார்த்தோம், மாடிக்கும் போனோம். மூன்று சாவி கொடுத்தார். ஒப்பந்தத்தில் நான்கு என்று எழுதியிருந்தது. "தம்பிகிட்ட ஒண்ணு இருக்கு, சாயங்காலம் கொண்டுவந்து தர்றேன்" என்றார். பரவாயில்லை, அதையும் சேர்த்து எழுதிவிடலாம் என்று சொல்லி, மூன்று சாவி பெற்றுக்கொண்டேன், நான்காவது வரவில்லை, வீடு காலியாக ஒப்படைக்கப்பட்டது என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். பணத்தை எண்ணிக் கொடுத்தேன். பூட்டு மாற்றும் ஆளை ஏற்கெனவே வரச் சொல்லியிருந்தேன். வண்டி தெருமுனை திரும்பியதும் அவர் வேலையைத் தொடங்கினார்.